எட்டில் செவ்வாயா? முதலில் கடிகாரத்தைக் கேளுங்கள்

போன மாதம் ஒரு தாயும் தகப்பனும் திருச்சியில் உள்ள என் அறைக்கு வந்தார்கள். பூர்வீகம் யாழ்ப்பாணம். மகளுக்கு 27 வயது. ஜாதக நோட்டு கையில் இல்லை; கைப்பேசியில் ஏதோ ஒரு செயலி போட்டுத் தந்த பி.டி.எஃப். மட்டும்தான். முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் ‘செவ்வாய் தோஷம் உண்டு’ என்று இருந்தது. அந்த அம்மா உட்கார்ந்ததும் சொன்னது இதைத்தான்: “ஐயா, பிள்ளைக்கு எட்டில செவ்வாய்க் குற்றமாம். மூண்டு சம்பந்தம் திரும்பிப் போட்டுது.”

கட்டத்தைப் பார்த்தேன். மகர லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதித்த ராசி மகரம். மகரத்திலிருந்து எண்ணினால் எட்டாம் இடம் சிம்மம். அங்கே செவ்வாய், கூடவே ராகு. சிவப்பு எழுத்துக்குக் காரணம் அதுதான். செயலி கணக்கில் தப்பு செய்யவில்லை. கொடுத்ததற்கு ஏற்ற பதிலைத் தந்திருக்கிறது.

“பிள்ளை எங்கே பிறந்தது, எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன். 1998 ஐப்பசி, யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில், பகல் 12.15. தாய்க்கு நேரம் மனப்பாடம். சரி என்று மறுபடி பி.டி.எஃப். பக்கம் போனேன். கடைசிப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் ‘நேர மண்டலம்: 5.30’ என்று இருந்தது. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலம் அது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். அதாவது கிரீன்விச் நேரத்துக்கு 6 மணி முன்னே. பத்து வருஷம் அப்படியே ஓடி, 2006 ஏப்ரல் நடுவில்தான் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்தாண்டில் இலங்கையில் கடிகாரம் பகல் 12.15 காட்டியபோது இந்தியாவில் மணி 11.45. செயலியில் ஐந்தரையை மாற்றாமல் விட்டால், குழந்தை அரை மணி நேரம் தாமதமாகப் பிறந்ததாக ஆகிவிடும்.

அரை மணிதானே என்று நினைப்பீர்கள். ஒரு லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்கும். ராசிக்கு ராசி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அரை மணி என்றால் லக்னம் ஏழரை பாகை நகர்கிறது, ஒரு ராசியில் கால் பங்கு. அந்தப் பத்தாண்டில் அங்கே பிறந்த நாலு பேர் ஜாதகத்தை ஐந்தரை வைத்துக் கணித்தால், சராசரியாக ஒருவருக்கு லக்னமே மாறிப்போகும். அவர்களுக்கெல்லாம் இப்போது கல்யாண வயது.

இந்தப் பெண்ணுக்கும் மாறித்தான் போயிருந்தது. 6 மணி என்று திருத்தித் திரும்பப் போட்டபோது லக்னம் தனுசின் கடைசிப் பாகைகளில் வந்து நின்றது. கிரகம் ஒன்றுகூட ராசி மாறவில்லை. ஆனால் வீடுகள் பன்னிரண்டும் ஒவ்வொரு படி நகர்ந்துவிட்டன. எட்டில் இருந்த செவ்வாய் இப்போது ஒன்பதில்.

பலன் இதனால் எவ்வளவு புரள்கிறது என்பதை இந்த ஜாதகத்தை வைத்தே காட்டுகிறேன். (அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், தேதி, பெயர் வேண்டாம்.) மகர லக்னத்துக்குச் செவ்வாய் நான்குக்கும் பதினொன்றுக்கும் உடையவர். அவர் எட்டில் ராகுவோடு மறைந்தால் வீடு, வாகனம், தாயின் உடல்நிலை, அப்புறம் மாங்கல்ய ஸ்தானம் என்று ஜோசியருக்குப் பயமுறுத்த நாலு விஷயம் கிடைக்கும். தனுசு லக்னத்துக்கு அதே செவ்வாய் ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் அதிபதி. ஐந்தும் ஒன்பதும் திரிகோணம் என்னும் நல்ல இடங்கள்; ஐந்தாம் அதிபதி ஒன்பதில் என்றால் ஒரு திரிகோணாதிபதி இன்னொரு திரிகோணத்தில் உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பழைய ஜோசியரும் இதைத் தோஷம் என்று எழுதமாட்டார்.

துலாத்தைப் பாருங்கள். சூரியன், புதன், சுக்கிரன் மூவரும் அங்கே. மகர லக்னம் என்றால் சூரியன் அஷ்டமாதிபதி (எட்டுக்கு உடையவர்), நீசமாகி, அதாவது பலம் குன்றி, பத்தில்: உத்தியோகத்தில் தொல்லை என்று சொல்லத் தோன்றும். தனுசு லக்னம் என்றால் அதே சூரியன் பாக்கியாதிபதி (ஒன்பதுக்கு உடையவர்), புதன் ஏழுக்கும் பத்துக்கும் உடையவர், இருவரும் பதினொன்றில் சேர்ந்திருக்கிறார்கள். ஒன்பது, பத்துக்கு உடையவர்கள் சேர்ந்தால் தர்மகர்மாதிபதி யோகம். சூரியன் நீசம்தான், ஆனால் துலாத்துக்கு உடைய சுக்கிரன் சொந்த வீட்டில் கூடவே இருப்பதால் நீசபங்கம், அதாவது அந்தக் குறை நீங்கியது, என்று சொல்லலாம்.

இங்கே ஒரு விஷயம். தோஷத்தை ஊதிப் பெரிதாக்குவதைப் போலவே யோகத்தையும் ஊதுகிறார்கள். ‘தர்மகர்மாதிபதி யோகம், கோடீஸ்வரி ஆவாள்’ என்று ஒரு தாள் அச்சிட்டுக் கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் சுக்கிரன் சூரியனுக்கு மிக நெருக்கமாக அஸ்தங்கமாகி இருக்கிறார். நீசபங்கம் தரவேண்டியவரே மங்கிப்போயிருக்கிறார். மேஷத்தில் நீசமாக இருக்கும் சனி ஏழாம் பார்வையாகத் துலாத்தை முறைக்கிறார். யோகம் இருக்கிறது, அரைகுறையாக. பலன் தருமா என்பதைத் தசை, அதாவது கிரகங்கள் முறைவைத்து ஆளும் காலம், சொல்லவேண்டும். அந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

செவ்வாயோடு ராகு இருப்பதையும் நான் மறைக்கவில்லை. ஒன்பதாம் இடம் தகப்பனைக் குறிக்கும். தகப்பன் வழிச் சொத்து, இருப்பிடம் விஷயத்தில் அலைச்சல் இருந்திருக்குமே என்று கேட்டேன். அந்த ஐயா சிரித்துக்கொண்டே, “எங்கட ஊரில யாருக்குத்தான் இல்லை?” என்றார். அதற்கு மேல் ஜோசியம் பேச எனக்கு வாய் வரவில்லை.

கல்யாணம் தள்ளிப்போனதற்குச் செவ்வாய் வரை போகவே வேண்டாம். தனுசுக்கு ஏழாம் இடம் மிதுனம். மேஷத்துச் சனி மூன்றாம் பார்வையாக அதைப் பார்க்கிறார். கும்பத்துக் குரு ஐந்தாம் பார்வையாக அதே வீட்டைப் பார்க்கிறார். சனி இழுத்தடிப்பார், குரு முடித்துவைப்பார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பலன்தான்.

இனி, ஒரு பேச்சுக்கு, செயலி சொன்ன மகர லக்னமே சரி என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது அது கடுமையான தோஷமா? தோஷ விதியைச் சொல்லும் மரபே விலக்கையும் சொல்கிறது. சிம்மத்திலும் கும்பத்திலும் உள்ள செவ்வாய்க்குத் தோஷம் இல்லை என்பது நம் பக்கத்தில் வழிவழியாக வரும் விதி. குருவின் பார்வை பட்டாலும் தோஷம் இல்லை. இந்த ஜாதகத்தில் கும்பத்துக் குரு நேர் ஏழாம் பார்வையாகச் சிம்மத்துச் செவ்வாயைப் பார்க்கிறார். ஆக இரண்டு விலக்கு இருந்தும் சிவப்பு எழுத்து மாறவில்லை. செயலிக்கு எண்ணத் தெரிந்திருக்கிறது, விலக்கு தெரியவில்லை.

மற்ற விலக்குகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செவ்வாய் ஆட்சி பெறும் மேஷம், விருச்சிகம், உச்சம் பெறும் மகரம் ஆகிய இடங்களில் தோஷம் இல்லை. கடக, சிம்ம லக்னக்காரர்களுக்குச் செவ்வாய் எங்கே இருந்தாலும் இல்லை. ஏனென்றால் கடகத்துக்கு 5, 10, சிம்மத்துக்கு 4, 9 என்று அவர் அங்கே யோகாதிபதி. இரண்டாம் இடம் மிதுனம் அல்லது கன்னியானாலும், எட்டாம் இடம் தனுசு அல்லது மீனமானாலும், பன்னிரண்டாம் இடம் ரிஷபம் அல்லது துலாமானாலும் இல்லை. ஒரு விலக்கை ஒருவர் ஏற்பார், இன்னொருவர் ஏற்கமாட்டார். சண்டை எப்போதும் உண்டு. ஆனால் விலக்கே பார்க்காமல் தோஷம் என்று எழுதிக் கொடுப்பது எந்த மரபிலும் இல்லாத வழக்கம்.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். (வடக்கே இரண்டுக்குப் பதில் லக்னத்தையே சேர்ப்பார்கள். அதனால் அங்கே எழுதிய செயலி இன்னொரு பதில் தரும்.) பன்னிரண்டில் ஐந்து வீடு. செவ்வாய் சாதாரணமாக ஒரு ராசியில் ஒன்றரை மாதம் நிற்பார். லக்னமோ ஒரே நாளில் பன்னிரண்டையும் சுற்றிவிடும். அப்படியானால் எந்த நாளை எடுத்தாலும், ஒரு பிரசவ வார்டில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 10 மணி நேரம் பிறக்கும் குழந்தைகள் எல்லாம் ‘செவ்வாய் தோஷக்காரர்கள்’. லக்னம் போதாதென்று சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால், மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது மாட்டுகிறவர்கள் நூற்றுக்கு எண்பது பேர் அளவுக்கு வருவார்கள். பாதிக்கு மேற்பட்ட ஊருக்கு ஒரு குறை இருக்கிறதென்றால் அதைக் குறை என்று சொல்லலாமா என்ன?

ஆனாலும் பெண் வீட்டாரைத்தான் இது அடிக்கிறது. பையனுக்கு இருந்தால் ‘பார்த்துக்கலாம்’ என்பார்கள். பெண்ணுக்கு என்றால் வாழை மரத்துக்குத் தாலி கட்டு, அதை வெட்டு என்று ஆரம்பித்துவிடுவார்கள். வைத்தீஸ்வரன் கோயில் அங்காரகனைக் கும்பிடப் போங்கள், மனசுக்கு நல்லது. அதற்குத் தரகர் வேண்டாம். என்னிடம் வந்த ஒருவர் ‘தோஷ நிவர்த்தி ஹோமம்’ என்று 45,000 ரூபாய் கட்டிவிட்டு வந்திருந்தார். அவர் மகள் கடக லக்னம்.

பிறந்த நேரத்தில் வேறு குழப்பங்களும் உண்டு. சதாபிஷேகத்துக்கு ஜாதகம் எடுத்துவந்த ஒரு பெரியவர் 1943இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியாவிலும் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடியது. அவருடைய பேரன் கணினியில் போட்ட ஜாதகமும் தாத்தா வைத்திருந்த ஓலையும் ஒத்துப்போகவில்லை. பேரன் ஓலையைத் தப்பு என்றான். சூரிய உதயத்திலிருந்து எண்ணும் நாழிகைக் கணக்கில் எழுதிய ஓலை எந்த அரசாங்கத்தின் கடிகாரத்தையும் நம்பி எழுதப்பட்டதில்லை.

பழைய வாய்பாட்டுக் கணக்கான வாக்கியப் பஞ்சாங்கமா, இன்றைய வானியல் கணக்கான திருக்கணிதமா என்பது இன்னொரு கதை. 2023இல் திருக்கணிதப்படி சனி ஜனவரி 17 அன்றே கும்பத்துக்குப் போய்விட்டார். திருநள்ளாறு கோயில் வாக்கியப்படி டிசம்பர் 20 அன்றுதான் சனிப்பெயர்ச்சி நடத்தியது. நடுவில் பதினோரு மாதம். ஏழரை தொடங்கிவிட்டதா இல்லையா என்று அந்த ஆண்டு முழுக்க எனக்கு தொலைபேசி. ஜாதகம் கொண்டுவருபவர்கள் எந்தப் பஞ்சாங்கத்தில் கணித்தது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் பாதித் தலைவலி குறையும். பையன் ஜாதகம் ஒன்றில், பெண் ஜாதகம் மற்றதில் என்று வைத்துக்கொண்டு பொருத்தம் பார்க்காதீர்கள்.

யாழ்ப்பாணத்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் உடனே நம்பவில்லை. மூன்று வருஷம் பயந்த பயம், நான் ஐந்து நிமிடத்தில் சொன்னால் போய்விடுமா? ஊரில் அண்ணனுக்கு அழைத்துப் பேசினார். பழைய பெட்டியில் தேடச் சொன்னார். மறுநாள் காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: சாத்திரியார் (ஊர் ஜோசியர்) கையால் எழுதிய குறிப்பு, மஞ்சள் பூசிய மூலைகள், செல்லரித்த ஓரம். தனுசுக் கட்டத்தில் ‘ல’ என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த மனிதர் புது நேரத்திலிருந்து அரை மணியைக் கழித்து, கழித்த கணக்கையும் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலமே அந்த அம்மா திரும்ப அழைத்தார். அண்ணன் மகனுக்கும் பார்க்க வேண்டுமாம். 2001இல் கிளிநொச்சியில் பிறந்தவன். அதைக் கேட்டதும் நான் பேனாவைக் கீழே வைத்தேன். யாழ்ப்பாணம் அப்போது அரசின் பிடியில். வன்னி புலிகளின் பிடியில். அங்கே அவர்கள் கொழும்பின் புது நேரத்தை ஏற்கவே இல்லை, பழைய ஐந்தரையிலேயே இருந்தார்கள். பிள்ளை பிறந்த அறையில் எந்தக் கடிகாரம் மாட்டியிருந்தது என்று கேட்கச் சொன்னேன். தகப்பன் பழைய நேரம் என்கிறார். தாய், மருத்துவிச்சி கையில் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன நேரம் என்கிறார். அந்த மருத்துவிச்சி, அரசின் பிடியில் இருந்த வவுனியாவிலிருந்து வந்தவராம்.

என் மேசையில் அந்தப் பையனுக்கு இரண்டு ஜாதகம் இருக்கிறது. ஒன்றில் கன்னி லக்னம், மற்றதில் துலாம். அவன் படிப்பு நின்ற வருஷம், தங்கை பிறந்த மாதம், கடல் கடந்த தேதி எல்லாம் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்தபின் தசாபுக்தியோடு ஒட்டிப் பார்க்கவேண்டும்.