துப்பாக்கி: துப்பும் இல்லை, ஆக்கியும் இல்லை

தேர்தல் அறிவித்துவிட்டால், உரிமம் வாங்கிய துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில், மிளகும் காபியும் வைத்திருக்கும் பெரியவர் தம் நாட்டுத் துப்பாக்கிக்கு எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்றது. குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய வகை. "பன்றியை விரட்டச் சத்தம் போதும், தம்பி. மருந்து இல்லாவிட்டால் இது வெறும் இரும்புக் குழாய்தான்" என்றார். உடன் வந்த சேலத்து நண்பருக்கு அதை ஒருமுறை தோளில் வைத்துப் பார்க்க ஆசை. "துப்பை, அதாவது வலிமையை, ஆக்குவதால்தானே துப்பாக்கி?" என்று கேட்டார்.

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். துப்பு என்றால் வலிமை என்பது உண்மை. துப்புக்கெட்டவன் என்று இன்றும் திட்டுகிறோம். திருக்குறளிலேயே இச்சொல் இருக்கிறது என்று 12ஆம் குறளையும் காட்டுவார்கள். "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்னும் அவ்வடியில் துப்பு என்பது உணவு. உண்பவர்க்கு நல்ல உணவை விளைவித்து, தானும் உணவாகும் மழையைப் பாடும் குறள் அது. அதில் வெடிமருந்து வாடையைத் தேடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

நம் துப்பாக்கி துருக்கிய 'துஃபெக்' வழி வந்தது. இந்தியில் துபக், தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாக்கி. பழந்துருக்கியில் அதன் மூலச்சொல், குருவியடிக்க வாயால் ஊதும் குழலைக் குறித்தது. பீரங்கியும் அயற்சொல்தான், ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி'யே அவர்கள் ஆயுதத்துக்கும் பெயராயிற்று.

தமிழ்ச்சொல் எது? தனித்தமிழ் அறிஞர் தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்த சேலத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. ஈழத்தமிழர் வழங்கும் சுடுகலன் என்பதே என் தேர்வு. வினைத்தொகை: சுட்ட, சுடுகின்ற, சுடும் கலன். வலிமை, வீரம் என்று எதையும் ஏற்றாமல், அது செய்யும் வேலையை மட்டும் சொல்கிறது. கைத்துப்பாக்கி முதல் நாட்டுத் துப்பாக்கி வரை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகவும் நிற்கும்.

தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெறுவதற்கான மனுவைப் பெரியவர் என்னையே எழுதச் சொன்னார். சுடுகலன் என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"சூளையில் சுட்ட பானையா?" என்றார்.

அடித்துவிட்டுத் துப்பாக்கி என்றே எழுதிக் கொடுத்தேன்.