பெல்ட்டுக்குக் கீழே விழும் குத்து ஆட்டத்தின் முடிவை மாற்றுமா?

பெல்ட்டுக்குக் கீழே ஒரு குத்து விழுந்ததும் அரங்கில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் "நடிக்கிறான்" என்பார்கள். குத்துச்சண்டை ரிங் ஓரத்தில் டாக்டராக உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இரண்டுமே பழகிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து கேட்கும் கேள்வியும் பழகிவிட்டது: "டாக்டர், அந்த லோ புளோ (பெல்ட்டுக்குக் கீழே விழும் அடி) மட்டும் விழாமல் இருந்தால் இவன்தானே ஜெயித்திருப்பான்?"

சில ஆட்டங்களில் ஆமாம். ஆனால் கேட்பவர் நினைக்கிற வழியில் அது நடப்பது அபூர்வம். வலி தாங்காமல் தோற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அடிக்குப் பிறகு ரெஃப்ரீ என்ன சொன்னார், அடி வாங்கியவர் எத்தனை நிமிடம் எடுத்துக்கொண்டார், அடுத்த ரவுண்டில் அவர் முழங்கை எங்கே இருந்தது என்பதில்தான் நிறைய ஆட்டங்கள் கைமாறியிருக்கின்றன.

வலியை முதலில் பார்த்துவிடலாம். ஆணின் விரைகள் கருவில் சிறுநீரகத்துக்கு அருகில் உருவாகி, அப்புறம்தான் கீழே இறங்குகின்றன. வரும்போது நரம்பையும் ரத்தக் குழாயையும் மேலேயிருந்தே கூட்டிக்கொண்டு வருகின்றன. அதனால்தான் அடி கீழே விழுந்தாலும் வலி அடிவயிற்றைப் பிடிக்கிறது, குமட்டுகிறது, சிலருக்கு நாடித்துடிப்பே இறங்கிவிடுகிறது. நடிப்பா நிஜமா என்று கண்டுபிடிக்க, ஏற்கெனவே வியர்வையில் நனைந்து நிற்பவரிடம் வியர்வையைப் பார்த்துப் பயனில்லை. நான் உதட்டின் நிறத்தையும் மூச்சையும் பார்ப்பேன். முனகலை யார் வேண்டுமானாலும் நடித்துவிடலாம். முகம் வெளுப்பதை நடிக்க முடியாது.

விரைகளைக் காக்கும் கப் என்ற கவசம் போட்டிருக்கிறார்களே, பிறகென்ன என்று கேட்பார்கள். கப் அடியின் வேகத்தைப் பரப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். நேராக வரும் குத்துக்கு அது நன்றாக நிற்கும். கீழிருந்து மேலே ஏறி வரும் குத்துக்கு, தளர்வாகக் கட்டிய கப் சற்றே நகர்ந்து அதன் விளிம்பே உள்ளே பதியும். அடியைவிடக் கப்பின் விளிம்பு செய்த காயத்தையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்குக் கடுமையான வலி சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்காமல் நிற்பது வயிற்றுத் தசையின் இறுக்கம். குத்தின் பலம் காலில் கிளம்பி இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறுவது. அடி வாங்கிய இடுப்பு திரும்பத் தயங்கும். கை போகும், பலம் போகாது. வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அவர் களைத்துவிட்டதுபோல் தெரியும்.

இதைவிட முக்கியமானது பயம். இரண்டாவது முறை கீழே வாங்கியவரின் முழங்கை தானாகவே இடுப்பைத் தேடி இறங்கும். அவர் நினைத்து இறக்குவதில்லை. முழங்கை இறங்கினால் கை இறங்கும், கை இறங்கினால் தாடை திறந்துகொள்ளும். அடுத்த ரவுண்டில் தாடையில் ஒன்று விழுந்து அவர் சாய்ந்தால், எல்லோரும் அந்தக் கடைசிக் குத்தைப் புகழ்வார்கள். இரண்டு ரவுண்டுக்கு முன்னால் ரெஃப்ரீ "கவனமா அடி" என்று சொல்லி விட்டுவிட்ட அடிகள் யார் நினைவிலும் இருக்காது.

சரி, விதிகளுக்கு வருவோம். அமெரிக்கக் குத்துச்சண்டை ஆணையங்களின் ஒருங்கிணைந்த விதிகள்படி, தற்செயலாகக் கீழே அடி வாங்கியவருக்கு அதிகபட்சம் 5 நிமிடம் வரை ஓய்வு உண்டு. அதற்குள் எழுந்து ஆடவில்லை என்றால் தோற்றது அடி வாங்கியவர்தான். புதிதாக வருபவர்கள் இதைக் கேட்டு அதிர்ந்துபோகிறார்கள். இந்தக் கடுமைக்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு. 1930 ஜூன் 12 அன்று நியூயார்க்கில் மேக்ஸ் ஷ்மெலிங்கும் ஜாக் ஷார்க்கியும் காலியாக இருந்த ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதினார்கள். 4ஆவது ரவுண்டில் ஷார்க்கியின் குத்து கீழே விழ, ஷ்மெலிங் சுருண்டுவிட்டார். ஷார்க்கி தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தரையில் கிடந்தவர் உலக சாம்பியன் ஆனார். கீழே கிடந்தே பட்டம் வாங்கலாம் என்ற வழி திறந்திருந்தால் எத்தனை பேர் கீழே கிடப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கீழே விழுந்த அடி அடித்தவரையே கவிழ்த்த கதைக்கு ஹெவிவெயிட் வீரர் ஆண்ட்ரூ கோலோட்டாவை மிஞ்ச ஆளில்லை. 1996 ஜூலையில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முன்னாள் சாம்பியன் ரிடிக் போவை அவர் கிட்டத்தட்ட முடித்துவிட்டார். ரிங்குக்கு வெளியே புள்ளி போடும் மூன்று நடுவர்களின் அட்டையிலும் அவர்தான் முன்னால் இருந்தார். சும்மா மேலே அடித்துக்கொண்டு நின்றிருந்தாலே போதும். ஆனால் திரும்பத் திரும்பக் கீழே அடித்து, புள்ளிகளை இழந்து, 7ஆவது ரவுண்டில் தகுதிநீக்கம் ஆனார். அரங்கில் கலவரமே வெடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மறு ஆட்டம். மறுபடியும் முன்னிலை, மறுபடியும் கீழே அடி, 9ஆவது ரவுண்டில் மறுபடியும் தகுதிநீக்கம். ஏன் அப்படிச் செய்தார் என்று மனநல மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும், என் துறை இல்லை.

நேர்மாறான கதை 2011 ஆகஸ்டில் நடந்தது. ஏப்னர் மாரேஸ், அப்போதைய ஐபிஎஃப் (சர்வதேச குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) பேண்டம்வெயிட் எடைப் பிரிவு சாம்பியன் ஜோசப் அக்பெகோவுடன் ஆடினார். ஆட்டம் முழுக்கவே மாரேஸின் குத்துகள் கீழே போய்க்கொண்டிருந்தன. 11ஆவது ரவுண்டில் பளிச்சென்று தெரியும்படி பெல்ட்டுக்குக் கீழே ஒன்று விழுந்து அக்பெகோ மண்டியிட, ரெஃப்ரீ அதை நாக்-டவுன் (முறையான குத்தில் விழுந்தது) என்று எண்ணத் தொடங்கிவிட்டார். முடிவில் இரண்டு நடுவர்கள் மாரேஸுக்கு 115-111 என்றும், ஒருவர் 113-113 என்றும் போட்டிருந்தார்கள்.

இதை ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஒரு ரவுண்டை ஜெயித்தவருக்கு வழக்கமாக 10 புள்ளி, தோற்றவருக்கு 9. நாக்-டவுன் விழுந்த ரவுண்டு வழக்கமாக 10-8. அந்த நாக்-டவுன் இல்லாமல் அந்த ரவுண்டு அக்பெகோவுக்கு 10-9 என்று போயிருந்தால், 115-111 என்பது 114-113 ஆகிவிடும். கீழே அடித்ததற்கு ஒரு புள்ளியும் கழித்திருந்தால் 113-113. மூன்றாவது நடுவரின் அட்டை அக்பெகோ பக்கம் சாய்ந்திருக்கும். மொத்தத்தில் ஆட்டம் டிரா, பட்டம் பழைய சாம்பியன் அக்பெகோவிடமே இருந்திருக்கும். இது என் கணக்குதான், அந்த ரவுண்டை நடுவர்கள் வேறு மாதிரியும் பார்த்திருக்கலாம். ஆனால் ஒரு குத்தும் அதைத் தவறாகப் பார்த்த ஒரு ஜோடிக் கண்ணும் நான்கு புள்ளி வரை இழுத்துவிட முடியும் என்பது இதில் தெரிகிறது. மறு ஆட்டம் நடந்தது. அதில் மாரேஸ் சர்ச்சையே இல்லாமல் ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரெஃப்ரீயின் கண்ணுக்கு எட்டாத ஆட்டங்களும் உண்டு. 2023 ஆகஸ்டில் போலந்தில் ஹெவிவெயிட் சாம்பியன் உசிக்கும் அவரை எதிர்த்த டுபுவாவும் ஆடிய ஆட்டத்தின் 5ஆவது ரவுண்டில் விழுந்த அந்தக் குத்து பெல்ட்டிலா, அதற்குக் கீழேயா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. ரெஃப்ரீ கீழே என்றார். அடி வாங்கிய உசிக் நான்கு நிமிடத்துக்கு நெருக்கமாக ஓய்வெடுத்து, 9ஆவது ரவுண்டில் டுபுவாவை நாக்-அவுட் செய்தார். ஓய்வெடுத்ததைக் கேலி செய்தவர்கள் நிறைய. ஒரு டாக்டராக எனக்கு அதில் கேலி எதுவும் தெரியவில்லை. விதி கொடுத்த நேரத்தை எடுத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

இளம் வீரர்களிடம் நான் சண்டை போடுவது இதற்காகத்தான். கார்னரில் (ரிங்கின் மூலையில்) நிற்கும் பயிற்சியாளர் "எழுந்திரு, பலவீனம் காட்டாதே" என்று கத்துவார். பையன் 20 விநாடியில் தலையாட்டிவிட்டு ஆடப் போய்விடுவான். நடக்கச் சொன்னால் நேராக நடக்கவே முடியாத நிலையில் இருப்பான். மூன்று ரவுண்டு மட்டுமே ஆடும் அமெச்சூர் ஆட்டத்தில் அப்படி ஒரு ரவுண்டு போனால் மீட்பதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? அங்கே கீழே அடிப்பவருக்கும் ஆபத்துதான். ஒரு எச்சரிக்கைக்கு ஒரு புள்ளி, மூன்றாவது எச்சரிக்கையோடு வெளியே.

எதிராளியின் தலையைக் கையால் கீழே அமுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. தலை குனிந்து கிடப்பவர் கண் தெரியாமல் வீசும் குத்து எங்கே விழும் என்று நினைக்கிறீர்கள்? கீழே வாங்கும் அடியில் ஒரு பங்கு நாமே வரவழைப்பது.

பெண்களுக்கும் கீழே அடி விழும், அங்கேயும் காயம் ஆகும். இடுப்பெலும்புக்கு முன்னால் வீக்கமும் ரத்தக்கட்டும் வருவதைக் கூச்சத்தால் சொல்லாமல் போகிறார்கள். ஆண், பெண் இருவருக்குமே, ரிங்கில் ஏறும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போவது நல்லது. நிரம்பிய சிறுநீர்ப்பையில் பலமான அடி விழுந்தால் அது கிழிந்துவிடவும் கூடும்.

ஒருமுறை ஒரு பையன் ஜெயித்துவிட்டு, கோப்பையோடு படமெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டாவது ரவுண்டில் கீழே வாங்கியிருந்தான். கேட்டதற்கு "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றான், நானும் விட்டுவிட்டேன். மறுநாள் மாலை போன் வந்தது. ஒரு பக்கம் வீங்கி, விரை மேலே ஏறிக்கொண்டு, வாந்தி. அடிபட்டதில் விரை முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கிய விரையைக் காப்பாற்ற நமக்குக் கிடைப்பது சுமார் ஆறு மணி நேரம். அவனுக்கு ஒரு நாளே கடந்துவிட்டிருந்தது, அந்தப் பக்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் கேட்டுவிட்டு விடுவதில்லை. கீழே அடி வாங்கியவர் யாராக இருந்தாலும், ஜெயித்தாரோ தோற்றாரோ, உடைமாற்றும் அறையில் கதவைச் சாத்திவிட்டுப் பரிசோதிக்கிறேன். சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் ஆகியும் வலி அடங்காவிட்டால், வீக்கம் ஏறினால், ஒரு பக்கம் மேலே தூக்கியதுபோல் இருந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, பையனிடமும் கார்னர்காரரிடமும் என் நம்பரை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.