1550 கண்ணாடி 780-ஐத் தடுக்காது

லேசர் ஒளி பட்டுக் கண் கெட்டவர்களில், இந்த ஆண்டில் நான் பார்த்த மூன்றாமவர் இவர். ஃபைபர் லேசர் (கண்ணாடி இழைக்குள் ஒளியை உருவாக்கும் லேசர்) ஒன்றைச் சரிபார்க்கப் போன இடத்தில், ஆராய்ச்சி மாணவர் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்துப் பேசினார். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கரும்புள்ளி மறைக்கிறதாம். டெராஹெர்ட்ஸ் ஆண்டெனாவின் (லேசர் துடிப்பு பட்டால், மைக்ரோஅலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட டெராஹெர்ட்ஸ் கதிரை வெளியிடும் சிறு சில்லு) மீது ஒளிக்கற்றையை நிறுத்தும்போது இடுக்கி குறுக்கே போயிருக்கிறது. அதில் பட்ட ஒளி தெறித்துக் கண்ணில் பாய்ந்துவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதன் ஓரத்தில் 1550 என்று அச்சிட்டிருந்தது; அதாவது 1550 நானோமீட்டரை ஒட்டிய அலைநீள ஒளியை மட்டும் தடுப்பது. கண்ணில் பட்டதோ 780 நானோமீட்டர்.

"ஃபைபர் லேசர்தானே, கண்ணை ஒன்றும் செய்யாது" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். இந்த லேசரில் எர்பியம் என்ற தனிமம் கலந்த கண்ணாடி இழையிலிருந்து வரும் 1560 நானோமீட்டர் ஒளியைக் கண்ணின் முன்பகுதியில் உள்ள நீரே உறிஞ்சிக்கொள்ளும். அது விழித்திரையை எட்டாது. அந்தப் பேச்சு பிறந்தது இதிலிருந்துதான். அதற்கும் அளவு உண்டு. தொடர் ஒளியாக இருந்தாலே, முதல் வகுப்பு (பாதுகாப்பானது என்று கருதப்படும்) லேசருக்கான வரம்பு சுமார் 10 மில்லிவாட். உங்கள் மேசையில் ஓடுவது 100 அல்லது அதற்கும் மேல்.

அதைவிட முக்கியமானது இது. காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியால் ஆன ஆண்டெனாவுக்கு 1560 உதவாது என்பதால், லித்தியம் நயோபேட் படிகத்தில் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி, அலைநீளத்தைப் பாதியாக, 780 ஆக மாற்றுகிறோம். படிகத்தைத் தாண்டியபின் அது வேறு லேசர். கண்ணின் வில்லை அந்த ஒளியைக் குவித்து நேரே விழித்திரையில் இறக்கும். அங்கே அதன் செறிவு லட்சம் மடங்குவரை கூடும். 60 மில்லிவாட் கற்றைகூட மங்கிய சிவப்பாகத்தான் தெரியும். மங்கலாக இருப்பதால் இமை தானாக மூடாது. இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று ஆள் குனிவார். இந்த ஒளி தொடர்ச்சியாக வராமல் துடிப்புகளாக வருகிறது. நொடிக்குப் பத்துக் கோடி துடிப்புகள், ஒவ்வொன்றும் 100 ஃபெம்டோ வினாடி (ஒரு ஃபெம்டோ என்பது வினாடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்றால், அதே 60 மில்லிவாட்டின் உச்சத் திறன் 6 கிலோவாட்.

இதே ஆட்கள் என்னிடம் கவலையோடு கேட்பது, டெராஹெர்ட்ஸ் கதிர் உடம்புக்குக் கெடுதலா என்று! ஆண்டெனா வெளியிடுவது பெரும்பாலும் மைக்ரோவாட் கணக்கில்தான். அது அயனியாக்கும் கதிரும் அல்ல.

இன்னொன்று. டெராஹெர்ட்ஸ் சைகை திடீரென்று காணாமல் போனால் லேசரின் திறனைக் கூட்டாதீர்கள். மோட்-லாக், அதாவது லேசரைத் துடிப்புகளாக ஒளிரவைக்கும் நிலை, விட்டுப்போயிருக்கலாம். பவர் மீட்டர் சராசரியைத்தான் காட்டும். துடிப்பு இல்லாமலும் லேசரின் வாயிலில் ஏறக்குறைய அதே எண் வரும். முதலில் வேக ஒளி டையோடை (ஒளியை மின்சைகையாக்கும் உணரி) ஆசிலாஸ்கோப்பில் (மின்சைகையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) மாட்டித் துடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டிய திறனோடு மோட்-லாக் திரும்பினால், சில மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள ஆண்டெனா கருகிவிடும்.

780, 1560 இரண்டையும் தடுக்கும் கண்ணாடி வாங்குங்கள். மாறாத மிச்ச 1560-உம் படிகத்திலிருந்து கூடவே வரும். மோதிரம், கைக்கடிகாரம் இரண்டும் கழற்றிய பிறகே மேசைக்கு வாருங்கள். திறனைக் குறைத்துவிட்டு, அகச்சிவப்பு அட்டையை (அகச்சிவப்பு ஒளி பட்ட இடத்தில் ஒளிரும் அட்டை) வைத்துக் கற்றையைத் தேடுங்கள். கீழே விழுந்த திருகை எடுக்கக் குனியும் முன் கற்றையை மறையுங்கள். லேசர் ஓடும்போது இழையின் முனையை நுண்ணோக்கியில் பார்க்கவே கூடாது.

அந்த மாணவர், திட்டுவார்கள் என்று பயந்து நான்கு நாள் வாய் திறக்கவில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கண்ணில் பட்டதாகச் சந்தேகம் இருந்தாலே, அலைநீளத்தையும் திறனையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போங்கள்.