பீக் என்றால் முகடு

காரைக்குடிப் பக்கம் ஓடு மாற்றும்போது முகட்டு ஓடு என்று தனியாகக் கேட்டு வாங்குவார்கள். இரண்டு சரிவும் கூடுகிற இடத்தில் கவிழ்த்து வைப்பது அது. அந்த இடம்தான் முகடு. பகுதி பாதியானதுபோல முகடு பேச்சில் மோடு ஆயிற்று. தூக்கம் வராதவர் பார்த்துக்கொண்டிருக்கும் மோட்டுவளையும் அதுதான்.

மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்தான் நிறை நிறமாலை (mass spectrum). அதில் எழும்பி நிற்கும் 'பீக்' (peak) என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அது கூர்முனையைக் குறித்த 'பைக்' (pike) என்ற சொல்லின் கிளை. மலையுச்சிக்குப் பெயராகி, பிறகு வரைபடத்துக்கு வந்தது. தமிழில் உச்சம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் உச்சம் என்றால் எல்லாவற்றிலும் உயர்ந்த ஒன்று என்ற எண்ணமே வருகிறது. நிறமாலையில் நூற்றுக்கணக்கில் நிற்கும், குட்டையானதும் முக்கியம். கானாடுகாத்தானில் ஒரு மாடியில் ஏறி நின்று பாருங்கள்: முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று முகட்டுக்குப் பின்னால் முகடு, உயரமும் தாழ்வுமாக. நிறமாலையும் அப்படித்தான் இருக்கும்.

புரதத்தை டிரிப்சின் என்ற நொதி, லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் வரும் இடங்களில் வெட்டித் துண்டாக்குகிறது. அந்தத் துண்டுகள்தான் பெப்டைடுகள். அவற்றுக்கு மின்னேற்றம் கொடுத்து, நிறையை மின்னேற்றத்தால் வகுத்த அளவுப்படி கருவி பிரிக்கிறது. பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் இப்படி மின்னேற்றும் வழிகளுக்காக ஜான் ஃபென்னும் கோய்ச்சி தனாக்காவும் 2002இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். கிடைத்த நிறைகளின் பட்டியலைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் புரதத்தின் பெயர் கிடைக்கும்.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பதுதான் 'பீக் பிக்கிங்' (peak picking). இதை முகடு கண்டறிதல் என்பதைவிட முகடு பொறுக்கல் என்றே சொல்லலாம். எங்கள் அப்பத்தா சுளகில் அரிசியைப் பரப்பி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, கல்லை ஒதுக்குவார். எதை விடுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஒரு ஓடு லேசாகத் தூக்கிக்கொண்டிருப்பது முகடு ஆகாது. நிறமாலையில் அப்படி வரும் பொருளற்ற சிறு ஏற்ற இறக்கம்தான் இரைச்சல். கணினி முதலில் முகடுகள் எழும்பி நிற்கும் தரைமட்டமான அடிக்கோட்டைச் சமன்செய்கிறது, இரைச்சலின் அளவை மதிப்பிடுகிறது, அதைப்போல மூன்று மடங்காவது உயர்ந்ததை எடு என்பதுபோல ஒரு வரம்பு வைக்கிறது. அப்புறம் வடிவத்தையும் பார்க்கிறது.

சிக்கலான இடம் இனிமேல்தான். கார்பனில் சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13, அதாவது வழக்கமான கார்பன்-12ஐவிட ஏறக்குறைய ஓர் அலகு கனமான அணு. அதனால் ஒரு பெப்டைடு ஒரே முகடாக வராது, பக்கத்தில் பக்கத்தில் ஒரு வரிசையாக வரும். மின்னேற்றம் ஒன்று என்றால் இடைவெளி ஏறக்குறைய 1, இரண்டு என்றால் 0.5. இந்த வரிசையை ஒரே குடும்பமாகப் பார்த்து, முதல் முகட்டைக் குறிக்க வேண்டும். இரண்டாவதை முதலாவது என்று எடுத்துவிட்டால் நிறை ஒரு டால்டன் (அணு நிறையின் அலகு) தள்ளிப்போய், வேறு புரதத்தின் பெயர் வந்து நிற்கலாம்.

சரி, எழுதும்போது ஒன்று கவனிக்க வேண்டும். முகடு பட்டியல், முகடு பரப்பு என்று அப்படியே ஒட்டிவிடக் கூடாது. முகட்டு ஓடு என்கிறோமே, அதேபோல முகட்டுப் பட்டியல், முகட்டுப் பரப்பு.