முதலில் கால அட்டவணை, பிறகு தண்டவாளம்

சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி அரசு இயங்கும் நகரம் பெர்ன். அதன் ரயில் நிலையத்தில் காலை 9:45-க்குப் போய் நின்றால் பல நடைமேடைகள் காலியாகக் கிடக்கும். இவ்வளவு பெரிய நிலையம் எதற்கு என்று தோன்றும். மணி பத்தை நெருங்கும்போது சூரிச்சிலிருந்து ஒன்று, பாசெலிலிருந்து ஒன்று, பக்கத்து ஊர்களிலிருந்து சில என்று சில நிமிட இடைவெளிக்குள் ரயில்கள் வரிசையாக வந்து நிற்கும். பத்து மணி அடிக்கும் நேரத்தில் நடைமேடையெங்கும் மனிதர்கள் ரயில் மாறிக்கொண்டிருப்பார்கள். பத்து மணி தாண்டிச் சில நிமிடங்களில் ஒவ்வொன்றாகப் புறப்பட, நிலையம் மறுபடி காலியாகும். இதே காட்சி பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும், இரவு வரை ஒவ்வொரு மணிக்கும் நடக்கும்.

எந்த ஊரிலிருந்து வந்தாலும் எந்த ஊருக்கும் காத்திராமல் மாறிப் போகலாம் என்பதற்காகத் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு இது. ஜெர்மன் மொழியில் இதற்கு டாக்ட் அட்டவணை என்று பெயர். டாக்ட் என்றால் தாளம். ரயில்கள் கூடும் நிலையத்தை அவர்கள் முடிச்சு என்கிறார்கள்.

தாளத்தின் கணக்கு எளிது. ஒரு தடத்தில் இரு திசையிலும் மணிக்கு ஒரு ரயில் ஓடுகிறது. எதிரெதிரே வரும் ரயில்கள் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சந்திக்கும்? 60 நிமிடத்துக்கு ஒருமுறை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டுமே நகர்கின்றன. அதனால் 30 நிமிடத்துக்கு ஒரு சந்திப்பு. ஒரு நிலையத்தில் இரு திசை ரயில்களும் சரியாக மணி 00-க்குச் சந்திக்கின்றன என்றால், அங்கிருந்து 30 நிமிடத் தொலைவில் உள்ள ஊரில் 30-ஆம் நிமிடத்தில் சந்திக்கும், 60 நிமிடத் தொலைவில் மறுபடி 00-இல். முடிச்சு போட ஏற்ற ஊர்கள் இவைதான்.

மேற்கே 45 நிமிடத் தொலைவில் ஓர் ஊர் இருந்தால்? மேற்கே போகும் ரயில் 45-ஆம் நிமிடத்தில் வரும், கிழக்கே போவது 15-இல் வரும். உள்ளூர்ப் பேருந்தை எந்த ரயிலுக்குப் பொருத்துவது? 45-க்குப் பொருத்தினால் மேற்கே போகிறவருக்கு வசதி, கிழக்கே போகிறவர் அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். இரண்டுக்கும் பொருத்தப் பேருந்தும் ஓட்டுநரும் இரட்டிப்பாக வேண்டும். முடிச்சு ஊரில் ஒரே பேருந்து இரு திசைப் பயணிகளையும் ஏற்றி இறக்கிவிடும்.

ஆக, இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே பயண நேரம் 30-இன் மடங்குக்குள் அடங்க வேண்டும். ரயில் மாறுவதற்கான நிமிடங்களையும் இதற்குள்ளேயே கழித்துக்கொள்ள வேண்டும். 60 நிமிட இடைவெளி என்றால் ஓட்டம் 54 முதல் 56 நிமிடம் இருக்கலாம். வலையில் வட்டம் வந்தால் இன்னொரு நிபந்தனையும் சேரும். மூன்று ஊர்கள் முக்கோணமாக, ஒவ்வொரு பக்கமும் 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊர் 00, இரண்டாவது 30, மூன்றாவது 00. மூன்றாவதிலிருந்து முதல் ஊருக்குத் திரும்பினால் 30-இல் போய் நிற்கிறோம், ஆனால் அங்கே முடிச்சு 00-இல். வட்டத்தைச் சுற்றிவரும் மொத்த நேரம் 60-இன் மடங்காக இல்லாவிட்டால் தாளம் உடையும். எந்தக் கணினியும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏதாவது ஒரு பக்கத்தின் பயண நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

சுவிஸ் பொறியாளர்கள் பிடித்துக்கொண்ட நுனி இதுதான். 1972-இல் சாமுவேல் ஷ்டேலி, ஹான்ஸ் மைனர், ஷான்-பியர் பெர்த்தூஸோ என்ற இளம் ரயில்வே பொறியாளர்கள் நாடு முழுவதற்கும் ஒரே தாள அட்டவணையை முன்வைத்தார்கள். 1982 மே 23 அன்று 'மணிக்கொரு ரயில்' என்ற முழக்கத்தோடு அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் நகரங்களுக்கு இடையிலான பயண நேரங்கள் பல இடங்களில் தாளத்தோடு பொருந்தவில்லை. அடுத்த திட்டமான பான் 2000 அந்தக் குறையைத் தீர்க்கவே வந்தது. 1987 டிசம்பர் 6 அன்று மக்கள் வாக்கெடுப்பில் 57 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. 'முடிந்த மட்டும் வேகம் வேண்டாம், வேண்டிய மட்டும் வேகம் போதும்' என்பது அதன் கொள்கை.

சூரிச், பெர்ன், பாசெல் மூன்றும் ஒரு முக்கோணம். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் அடக்கினால் மூன்றும் 00 முடிச்சுகளாகிவிடும், சுற்றளவும் 180 என்று கச்சிதமாக விழும். சூரிச்–பெர்ன் பக்கம் மட்டும் 69 நிமிடம் பிடித்தது. 00-ஐ ஒட்டி சூரிச்சில் கிளம்பியவர் பெர்ன் வந்து சேர்வதற்குள் அங்கே கூடிய ரயில்கள் கலைந்துபோயிருக்கும். 13 நிமிடத்தைக் குறைத்து 56 ஆக்கினால், அங்கே மாறிப் போகிறவருக்கு மிச்சமாவது 13 நிமிடம் மட்டுமல்ல, அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்கும் அரைமணியோ ஒரு மணியோ சேர்ந்து மிச்சமாகும். இதையே தலைகீழாகப் பாருங்கள். 56-ஐ இன்னும் பல கோடி செலவழித்து 45 ஆக்கினால் மாறிப் போகிறவருக்கு என்ன கிடைக்கும்? பெர்னில் பதினோரு நிமிடம் கூடுதலாக நிற்பார், அவ்வளவுதான். அதிவேகத் தடம் அறிவிக்கும்போது உச்ச வேகத்தைப் பெரிய எழுத்தில் போடும் அரசுகள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த 13 நிமிடத்துக்காகக் கட்டியதுதான் மாட்ஷ்டெட்டன்–ரோத்ரிஸ்ட் புதிய தடம். நீளம் 45 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். அட்டவணை மாறிய 2004 டிசம்பர் 12 அன்று திறந்தார்கள். வேகத்தைவிட முக்கியமான ஒன்று இந்தத் தடத்தில் உண்டு. முடிச்சை நோக்கிப் போகும் ரயில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டுமென்றால், பொதுத் தடத்தில் அவை நெருக்கமாக ஓடியாக வேண்டும். இங்கே இடைவெளி 2 நிமிடம். 200 கிலோமீட்டர் வேகத்தில் 2 நிமிடம் என்பது 6.7 கிலோமீட்டர் தொலைவு. அந்த வேகத்தில் பாதையோர விளக்குகளைப் பார்த்து ஓட்டுநர் பிரேக் போடுவது நம்பகமாக இருக்காது. அதனால் எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் போகலாம் என்ற அனுமதி ரேடியோ வழியே ஓட்டுநர் முன்னால் உள்ள திரைக்கு வருகிறது. ஐரோப்பியப் பொதுச் சமிக்ஞை முறையின் இரண்டாம் நிலை என்பது இதுதான். அது தயாராகும்வரை தடத்தில் 160-க்கு மேல் ஓட்டவில்லை. 2007-இல்தான் முழு வேகம் வந்தது.

முடிச்சு நிலையத்துக்கு வேறு செலவுகளும் உண்டு. எட்டுத் திசை ரயில்கள் ஒரே நேரத்தில் நிற்க எட்டு நடைமேடை விளிம்புகள் வேண்டும். மணிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வேலை, மற்ற நேரம் சும்மா கிடக்கும். கணக்குத் தணிக்கையாளர் கண்ணுக்கு இது வீண்போல் தெரியும். நுழைவாயில் தடங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் ஒரு ரயில் உள்ளே வர இன்னொன்று வெளியே நிற்க வேண்டியிருக்கும். அதனால் மேம்பாலத்திலோ சுரங்கத்திலோ தடங்களைப் பிரிக்கிறார்கள். பயணி நடக்கும் தூரமும் திட்டத்தின் பகுதிதான். எதிர்ப் பக்கத்து ரயிலுக்கு மாறுவது என்றால் இரண்டு மூன்று நிமிடம் போதும். சுரங்கப்பாதையில் இறங்கி ஏற வேண்டுமென்றால், பெட்டியும் குழந்தையுமாக வருகிறவரை நினைத்து ஐந்து முதல் ஏழு நிமிடம் ஒதுக்க வேண்டும்.

ஒற்றைத் தடத்தில் இந்தத் தாளம் காட்டும் பயன் தனி. 'கிராசிங்குக்காக நிக்குது' என்ற சொல்லை நம் ஊர் ஒற்றைத் தடங்களில் போனவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். எதிர் ரயில் எங்கே வரும் என்பது நாளுக்கு நாள் மாறும்போது எந்த ஸ்டேஷனிலும் நிற்க நேரிடும். மணிக்கொரு ரயில் என்று தாளம் வைத்துவிட்டால் சந்திக்கும் இடங்கள் 30 நிமிட ஓட்டத்துக்கு ஒன்றாக நிலைத்துவிடும். அரைமணிக்கு ஒன்று என்றால் 15 நிமிடத்துக்கு ஒன்று. அந்த இடங்களில் மட்டும் இரண்டாவது தடம் போட்டு, சற்றுத் தாமதமானாலும் தாங்கும்படி சில கிலோமீட்டர் நீட்டிவிட்டால் முழுத் தடத்தையும் இரட்டிப்பாக்காமலே ரயில் நிற்காமல் போகும். 2007-இல் திறந்த 34.6 கிலோமீட்டர் லோட்ஷ்பெர்க் அடிவாரச் சுரங்கத்தில் இதைப் பார்க்கலாம். பணம் போதாமல் சுமார் 21 கிலோமீட்டருக்கு ஒற்றைத் தடம்தான் போட்டார்கள். இருந்தும் பெர்னிலிருந்து ஃபிஸ்ப் வரை ஒரு மணி நேரத்துக்குள் போகிறது. அதனால் அதுவரை பெரிதாகப் பேசப்படாத ஃபிஸ்ப் ஒரு முடிச்சானது. ரயிலை விட்டு இறங்கினால் செர்மாட் என்ற மலை ஊருக்கு ஏறும் குறுகிய தட ரயிலும் சாஸ்-ஃபேக்குப் போகும் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தும் அங்கேயே நிற்கும். ஆனால் ஒற்றைத் தடம் சரக்கு ரயில்களுக்குப் போதிய இடம் விடுவதில்லை. நெரிசல் வந்தபின் மீதித் தடத்தையும் போட வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

கிராமப் பேருந்து இந்த வலையின் கடைசி இழை. அதற்கும் எழுதப்பட்ட விதி இருக்கிறது. ஆண்டு முழுதும் குறைந்தது 100 பேர் வசிக்கும் ஊர் என்றால் அரசு உதவியுடன் போக்குவரத்து பெறத் தகுதி உண்டு. அதிக நெரிசலான பகுதியில் நாளொன்றுக்குச் சராசரி 32 பேருக்கு மேல் போனால் போக வர 4 நடை. 500-க்கு மேல் போனால் மணிக்கொன்று வீதம் 18 நடை. கட்டணத்தில் வராத மீதிச் செலவைக் கூட்டாட்சி அரசும் மாநிலங்களும் ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பகிர்கின்றன. ஆட்சியாளர்கள் மாறினாலும் பேருந்து நிற்காமல் ஓடுவதற்குக் காரணம், நடை எண்ணிக்கை சட்ட விதியாக இருப்பது.

இனி தாளம் தப்பும் விதம். ஒரு ரயில் ஏழு நிமிடம் தாமதம். முடிச்சில் மற்ற ரயில்கள் காத்திருந்தால் அந்தத் தாமதம் எட்டுத் திசைக்கும் பரவும். காத்திராவிட்டால் மாற வந்தவர்கள் தவறவிடுவார்கள். அடுத்த ரயில் அரைமணியில் இருந்தால் காத்திராமல் விட்டுவிடுவார்கள். இரவின் கடைசி நடை என்றால் காத்திருப்பார்கள். இதனால்தான் ஒவ்வொரு பயண நேரத்திலும் சில நிமிடம் உபரியாக வைத்திருக்கிறார்கள். சுவிஸ் ரயில்வே 3 நிமிடத்துக்குள் வந்தால்தான் சரியான நேரம் என்று எண்ணுகிறது. 2024-இல் அந்த அளவுகோலில் 93.2 சதவீதம். ஜெர்மனியின் தொலைதூர ரயில்கள் 6 நிமிடத்தளவு சலுகையிலும் அதே ஆண்டு 62.5 சதவீதம்தான். எனவே ஜெர்மனியிலிருந்து தாமதமாக வரும் ரயிலை பாசெலோடு நிறுத்திவிட்டு, பயணிகளை வேறு சுவிஸ் ரயிலில் ஏற்றி அனுப்புகிறார்கள். பயணிக்கு இறங்கி ஏறும் தொல்லை உண்டு, ஆனால் உள்ளே உள்ள முடிச்சுகள் தப்பிக்கின்றன.

பணமும் திட்டம்போல் போகவில்லை. 1987-இல் 540 கோடி பிராங்க் என்று மதிப்பிட்டார்கள். சில ஆண்டுகளில் மதிப்பீடு பல மடங்காக வீங்கியது. அரசு திட்டத்தைக் கைவிடவில்லை, அட்டவணைக்கு எது இன்றியமையாததோ அதை மட்டும் முதல் கட்டமாக வைத்து 740 கோடி என்று வரம்பு போட்டது. முடிவில் 590 கோடிக்குள் முடித்தார்கள். எந்தப் பணியைத் தள்ளினால் எந்த முடிச்சு அவிழும் என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் இப்படி வெட்ட முடிந்தது. முதலில் திட்டமிட்ட நான்கு புதிய தடங்களில் மூன்று அப்போது தள்ளிப்போயின.

தள்ளியவற்றில் ஒன்று லோசான்–பெர்ன் பாதைக்கானது. மலைச்சரிவுகளில் வளைந்து வளைந்து போகும் 97 கிலோமீட்டர். ரயில் 66 நிமிடம் எடுத்துவந்தது, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கவில்லை. தண்டவாளத்தை நேராக்குவதற்குப் பதில் ரயிலையே மாற்றலாம் என்று முடிவானது. வளைவில் பெட்டி வெளிப்பக்கம் சாய்வதைத் தடுத்து நிமிர்த்தும் அமைப்பு கொண்ட இரட்டை அடுக்கு ரயில்கள் 59-ஐ 2010-இல் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். நினைத்ததைவிடப் பல ஆண்டுகள் தாமதமாக 2018-இல்தான் அவை பயணிகளை ஏற்றின. வளைவுகளில் வேகமாக ஓட்டிப் பார்த்தபோது பெட்டிக்குள் வசதி எதிர்பார்த்த அளவு இல்லை, பாதையைத் தகவமைக்கும் செலவும் கூடியது. 2022-இல் வேக ஓட்டத்தைக் கைவிடுவதாக ரயில்வே அறிவித்தது. அந்த நிமிடங்கள் வேண்டுமென்றால் இனி மலைச்சரிவில் தண்டவாளத்தைத்தான் நேராக்க வேண்டும்.