காது பழகாது, தம்பி

காதுப் பரிசோதனைக்கு என்னிடம் ஒரே கதையோடு வந்தவர்களில் இந்த மாதத்தில் இவன் நான்காவது ஆள். நாலு பேரும் பேண்ட், அதாவது இசைக்குழு, வைத்திருக்கும் பையன்கள், நாலு பேரும் சொன்ன வசனமும் ஒன்றுதான்: "எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற ஜேமிங் முடிஞ்சா கொஞ்ச நேரம் கொய்ங்னு கேக்கும் மேடம், அப்புறம் காது பழகிடும்."

செந்தூலிலிருந்து அம்மாவோடு வந்திருந்தான், வயது 23, கித்தார் வாசிப்பவன். சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஒலி கேட்டால் அழுத்தச் சொல்லி பட்டனைக் கையில் கொடுத்தேன். 1000 ஹெர்ட்ஸ் வரை டக்டக்கென்று அழுத்தினான். கீச்சென்ற 4000 ஹெர்ட்ஸ் ஒலிக்குப் போனதும் சத்தத்தை 20, 30, 40 டெசிபல் என்று நான் ஏற்றிக்கொண்டே போகிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரல் அசையவே இல்லை. டெஸ்ட் முடிந்துவிட்டது என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தான். 55-ல்தான் அழுத்தினான். இடது காது. டிரம்மர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "இடதுதான், டிரம்மோட சிம்பல் தட்டு காதுக்கு நேரா இருக்கும்." கூப்பிட்டால் வேண்டுமென்றே திரும்ப மாட்டேன் என்கிறான் என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த அம்மா அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

இந்தப் "பழகிடும்" கதைக்கு வருவோம். திடலில் கோல் கம்பத்துக்கு முன்னால் இருக்கும் புல்லைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் மிதித்தால் மறுநாள் நிமிர்ந்துவிடும், தினமும் மிதித்தால் வெறும் மண்தான். மறுநாள் காலையில் கொய்ங் நின்றுவிட்டது என்றால் புல் நிமிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான், அதுவும் முழுசாக நிமிர்ந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. முன்பு தாங்க முடியாத சத்தம் இப்போது தாங்குகிறது என்றால் காது பலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, கேட்பது குறைந்துவிட்டது என்று அர்த்தம். இதை எத்தனை தடவைதான் சொல்வது!

புது பேண்டுகளுக்குத்தான் இது அதிகம். ஒன்றரை வருஷமாக "எங்க சவுண்டைத் தேடுறோம்" என்றான் செந்தூல் பையன். தேடுங்கள், நல்லது. ஆனால் தேடும் இடம் கம்பளம் ஒட்டிய சின்ன அறை. கம்பளம் உயர் ஒலிகளைத்தான் முதலில் விழுங்கும், அதனால் கித்தார்காரர் டிரெபிளை, அதாவது உயர் ஒலியை, கூட்டுவார், தாழ்ந்த ஒலி வாசிக்கும் பேஸ்காரர் விடுவாரா, பாடுகிறவருக்குத் தன் குரலே கேட்காது. அதோடு, ஒலி கூடினால் பேஸும் டிரெபிளும் நிறைவாகக் கேட்பது மனிதக் காதின் குணம். பிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். சவுண்டு கிடைத்துவிட்டது என்று நினைக்கிறீர்களே, பாதி நேரம் அது வால்யூம்தான். அதே ரிஃபை, அந்தக் கித்தார் துணுக்கை, வால்யூமைக் குறைத்து வைத்துக் கேளுங்கள், அப்போதும் நன்றாக இருந்தால் சரி.

லண்டனில் 'தி ஹூ' என்ற ராக் பேண்டும் 1960-களில் இப்படித்தான் ஆரம்பித்தது. மேடையில் இன்னும் சத்தம் வேண்டும் என்று ஆம்ப்ளிஃபையர் செய்யும் ஜிம் மார்ஷலிடம் கேட்டுத்தான் 100 வாட் ஆம்ப்ளிஃபையரே வந்தது. அதைக் கேட்டு வாங்கிய அந்த பேண்டின் கித்தார்காரர் பீட் டவுன்ஷெண்ட் பிற்பாடு தன் காது போன கதையை வெளிப்படையாகவே பேசினார்.

நம் மலேசியாவில் 2019 விதிமுறைப்படி, தினசரி சராசரி 85 டெசிபலைத் தாண்டும் தொழிற்சாலையில் ஊழியருக்குக் காதுக் கவசம் தர வேண்டும், வருஷா வருஷம் கேள்திறன் பரிசோதனை செய்ய வேண்டும். நீங்கள் காசு கொடுத்து 100 டெசிபலுக்குள் போய் உட்காருகிறீர்கள். 100-ல் பாதுகாப்பான நேரம் 15 நிமிஷம். (உருமி மேளத் தம்பிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.)

பஞ்சு வேண்டாம், டிஷ்யூ வேண்டவே வேண்டாம். நுரை அடைப்பான் காதைக் காக்கும், ஆனால் உயர் ஒலிகளை அதிகம் வெட்டுவதால் இசை மந்தமாகி, இரண்டாவது பாட்டிலேயே கழற்றி எறிந்துவிடுவீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கும் அடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில், சுமார் 15 டெசிபல், குறைக்கும். ஆம்ப்பைத் தரையில் வைத்துக் காலுக்கு வாசிக்காதீர்கள், தூக்கிச் சாய்த்து உங்கள் பக்கம் திருப்புங்கள், வால்யூம் தானாக இறங்கும். மணிக்கு ஒரு தடவை வெளியே போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஈ.என்.டி. மருத்துவரிடம் போங்கள், நாள் தள்ளினால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும்.

செந்தூல் பையனுக்கு அடைப்பான் செய்யக் காது அச்சு எடுத்தாகிவிட்டது. பேஸ்காரரும் பாடுகிறவரும் போன வாரம் வந்தார்கள். டிரம்மர் தம்பி மட்டும் இன்னும் வரவில்லை. இதைப் படித்தால் சனிக்கிழமை காலையில் வாப்பா, ஒரு மணி வரை இங்கேதான் இருப்பேன்.