நான்கு பல் குறைந்த வௌவால்

வீட்டில் கொய்யா மரம் வைத்திருக்கும் மதுரைக்காரர்களுக்குக் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவாலின் பெயர் தெரியாமல் இருக்கலாம்; அது செய்யும் வேலை நன்றாகத் தெரியும். ராத்திரியில் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு கிளைக்குப் போகும். அங்கே தலைகீழாகத் தொங்கியபடி மென்று, சாற்றை உறிஞ்சிக்கொண்டு சக்கையைத் துப்பிவிடும். விடிந்து பார்த்தால் மரத்தடியில் பல் பதிந்த சக்கைத் துண்டுகள் காய்ந்து கிடக்கும்.

1948இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்துரை ஒரு வௌவாலைச் சேகரித்தார். இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வம் கொண்டவர் அவர். மேகமலை அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. இன்று தேனி மாவட்டம். அந்த வௌவாலும் நம் கொய்யாத் திருடனின் வகைதான் என்று பெயர்ச்சீட்டு எழுதி, பாடம் செய்த உடலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது.

பிறகு அதைக் கையில் எடுத்தவர் கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து விலங்கியலாளர். அவர் அதன் வாயைப் பார்த்தார். குட்டைமூக்கு வௌவாலுக்கு மேல்தாடையில் இரண்டு ஜோடி வெட்டுப்பற்கள், கீழ்த்தாடையில் இரண்டு ஜோடி. இதற்கோ மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. மொத்தம் 30 பற்கள் இருக்க வேண்டிய வாயில் 26தான் இருந்தன. வெளியே தெரியும் வாலும் இல்லை. குட்டைமூக்கு வௌவாலின் காதோரத்தில் ஓடும் வெள்ளைக் கரையும் இல்லை. 1972இல் இதைப் புதிய இனமாக மட்டுமல்ல, புதிய பேரினமாகவே (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் பெரிய பிரிவு) அறிவித்தார். பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார்: லாட்டிடென்ஸ் சாலிம்அலீ. அந்தப் பேரினத்தில் இன்றுவரை இந்த ஒரே இனம்தான்.

நான்கு பல் குறைந்ததற்குப் புதுப் பேரினமா என்று கேட்கத் தோன்றும். பாலூட்டிகளை வகைப்படுத்துவதில் பல்லுக்கு இருக்கும் இடம் அப்படி. மீனுக்கும் பல்லிக்கும் பற்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். விழ விழ முளைக்கும். பாலூட்டிகளுக்கு வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப்பல், கடைவாய்ப்பல் என்று வேலைப் பிரிவினை உண்டு. எது எத்தனை, எந்த இடத்தில் என்ற கணக்கு கரு வளரும்போதே மரபணுக்களால் தீர்மானிக்கப்படுகிறது. ரோமத்தின் நிறம் வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும்; உடல் அளவும் மாறும். பல்லின் எண்ணிக்கை அவ்வளவு லேசில் மாறாது. அதோடு, உடலிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் எனாமல். எலும்பு மக்கிப்போன பிறகும் பல் மிஞ்சுவதால், அழிந்துபோன பல பாலூட்டிகளை நாம் பற்களை வைத்து மட்டுமே அறிகிறோம்.

ஆனால் உடலமைப்பு ஏமாற்றவும் செய்யும். உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. பாலூட்டி இனங்களில் ஐந்தில் ஒரு பங்கு. இவற்றை நெடுங்காலம் இரண்டாகப் பிரித்தார்கள்: பெரிய கண்ணோடு பழம் தின்பவை ஒரு பக்கம், எதிரொலியால் வழி கண்டு பூச்சி பிடிப்பவை மறுபக்கம். 1986இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜாக் பெட்டிக்ரூ, பழந்தின்னிகளின் கண்ணுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்பு இணைப்பு குரங்கினத்தை ஒத்திருக்கிறது, எனவே அவை குரங்கினத்தின் பறக்கும் கிளை என்றுகூட வாதிட்டார். டி.என்.ஏ. ஆய்வுகள் இரண்டையும் புரட்டிப்போட்டன. வௌவால்கள் எல்லாம் ஒரே மூதாதையின் வாரிசுகள். அதைவிட வியப்பு, மூக்கில் இலை போன்ற மடிப்புள்ள, பூச்சி தின்னும் இலைமூக்கு வௌவால்களுக்கு நெருங்கிய சொந்தம் மற்ற பூச்சித்தின்னிகள் அல்ல, பழந்தின்னிகள்தான்.

இந்த இலைமூக்கு வௌவால்களுக்கும் மதுரைக்கும் ஆய்வுலகில் தனித் தொடர்பு இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் அவற்றை வைத்து, எப்போது விழிப்பது, எப்போது உறங்குவது என்று உடலுக்குள்ளிருந்தே சொல்லும் உயிரியல் கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். சூரிய ஒளியே எட்டாத குகையில் அடைத்து வைத்த ஒரு வௌவால், சுற்றிலும் வெளியே போய்வரும் கூட்டம் இருந்தால் அந்தக் கூட்டத்தோடு நேரம் தவறாமல் விழித்துக்கொண்டது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் வேலை இது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லித்தரலாம்.

அதே பல்கலைக்கழகத்தின் சிங்காரவேலனும் மாரிமுத்துவும்தான் சாலிம் அலி வௌவால் பகலில் தங்கும் குகை ஒன்றைக் கண்டறிந்து 2003இல் வெளியிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தவிர இந்த இனம் உலகில் வேறெங்கும் இல்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.யு.சி.என். பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

பெயர் வைப்பதால் என்ன ஆகிவிடப்போகிறது என்பவர்களுக்கு என் பதில் சட்டத்தில் இருக்கிறது. புதுப்பெயர் வந்த அதே 1972இல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன் ஐந்தாம் அட்டவணை பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி, சுண்டெலியோடு சேர்த்துத் தீங்குயிரிகளாக வைத்திருந்தது, யாரும் கொல்லலாம். பின்னாளில் சாலிம் அலி வௌவால் மட்டும் புலி இருக்கும் முதல் அட்டவணைக்கு ஏற்றப்பட்டது. பம்பாயில் ஒருவர் அந்தப் பற்களை எண்ணாமல் விட்டிருந்தால், இன்னும் பல காலம் அது எலியோடுதான் இருந்திருக்கும். தீங்குயிரி அட்டவணையையே 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. நெடுநாள் தாமதம் என்றாலும் நல்ல முடிவு.

சட்டம் மட்டும் போதாது. காபி, தேயிலை, ஏலத் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்டபோது இந்த வௌவாலின் பழமரங்களும் போயின. காட்டு அத்தி போன்றவற்றைத் தின்று, பறந்துகொண்டே விதைகளை எச்சத்தோடு விதைக்கும் உயிர் அது. வைகைக்குத் தண்ணீர் தரும் மலைக்காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று. திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் வந்தது பெரிய ஆறுதல்.

மிச்சமிருக்கும் ஆபத்து ஒரு நம்பிக்கை. வௌவால் கறி தின்றால் இழுப்பு போகும் என்று இன்னமும் சொல்கிறார்கள். போகாது, அப்படிக் குணமாகும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. மூச்சிரைப்பவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வலை விரிப்பவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.